முதல் ஆசீர்வாதம் மீனுக்கு: எங்கள் சேகரத்தாருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் மட்டக்களப்பு மெதடிஸ்த சேகரத்தின் போதகர் ஐயாவுக்கும், ஆலயக் குழுவினருக்கும், மாதர் ஐக்கியத்து அக்காமாருக்கும் மாமிமாருக்கும் கர்த்தருக்குள் தோத்திரம்.

பதினொரு வருடமாக நீங்கள் எனக்காகவும் என் கணவருக்காகவும் ஜெபித்து வருகிறீர்கள். அந்த ஜெபத்தை நிறுத்தும்படி கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

புதன்கிழமை ஜெபக்கூட்டத்து விண்ணப்பக் கொப்பியில் 'கர்ப்பத்தின் கனிக்காக' என்ற தலைப்பின் கீழ் எங்கள் பெயர் இருக்கிறது. யார் எழுதினார்கள் என்று தெரியும், அன்பினால்தான் எழுதினார்கள் என்பதும் தெரியும். எங்களுக்குப் பிறகு எழுதப்பட்ட இரண்டு பெயர்கள் வெட்டப்பட்டுவிட்டன, அந்த வீடுகளில் தொட்டில் கட்டியாயிற்று. எங்கள் பெயர் மட்டும் கொப்பி முடிந்தால் அடுத்த கொப்பிக்கு முதல் ஆளாகக் குடிபோய்விடுகிறது. நாங்கள் கேட்காத ஒன்றை எங்களுக்காக இத்தனை காலம் ஆண்டவரிடம் கேட்டிருக்கிறீர்கள். எங்களுக்குப் பிள்ளை கிடைக்காமல் போகவில்லை. வேண்டாம் என்று நாங்கள் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு அது.

நேரில் சொல்ல ஒருமுறை வாயெடுத்தேன். ஆராதனை முடிந்து பிளேன்டி குடிக்கிற நேரம். "என்னகா மகள், விசேஷம் ஒண்டும் இல்லையா?" என்று ஒரு மாமி கேட்டார். "இல்ல மாமி, நாங்க வேணாம் எண்டுதான் இரிக்கம்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். "அப்பிடி மனசு விடாத மகள். சாராள் தொண்ணூறு வயசில பெத்தவள்" என்றார். எனக்கு வயது முப்பத்தொன்பது. அதற்கு மேல் என்ன சொல்வது? வடையைக் கடித்துக்கொண்டேன்.

பிள்ளைகளைப் பிடிக்காதவள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆறு வருடம் ஞாயிறு பாடசாலையில் படிப்பித்தவள் நான். கிறிஸ்மஸ் நாடகத்து ஆட்டுக்குட்டி உடுப்புகள் இன்னமும் என் அலுமாரியில்தான் இருக்கின்றன. வீட்டில் ஐந்து பேருக்கு மூத்தவள். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போனபின், அம்மா எழும்பாமல் கிடந்த மாதங்களில், கடைசித் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தேன். அதனால் வெறுத்துப்போனாள் என்று ஒரு கதை கட்டலாம். அதுவும் உண்மையில்லை. அவன் இப்போது கட்டாரில், கிழமைக்கு இரண்டு தரம் என்னைத்தான் கூப்பிடுகிறான்.

காரணம் சின்னது. ஊழியத்துக்கு வருகிறவரிடம் நம் சபை முதலில் கேட்பது, "உமக்கு அழைப்பு உண்டா?" என்றுதான். அழைப்பு இல்லாமல் அங்கி போட்டவரால் ஒரு சேகரம் படும் பாடு நம் எல்லாருக்கும் தெரியும். ஒரு மனிதப் பிறவியை உண்டாக்கி வளர்ப்பது அதைவிடச் சின்ன வேலையா? அதற்கு மட்டும் கலியாணம் கட்டிய எல்லாருக்கும் அழைப்பு தானாக வந்துவிடும் என்று எப்படி முடிவு செய்தோம்? நாங்கள் இருவரும் மோதிரம் மாற்றுமுன்பே இதைக் கதைத்தோம். கட்டியபின் இரண்டு வருடம் ஜெபித்தும் பார்த்தோம். அந்த அழைப்பு வரவில்லை. வந்தது வேறொன்று, அதுவும் உரப்பைக்குள்.

ஆலயப் படலையடியில் யாரோ கட்டிப் போட்டுவிட்டுப் போன உரப்பை. கிறிஸ்மஸுக்கு முந்திய ஆகமன காலத்தின் இரண்டாம் ஞாயிறு. மழை. உள்ளே நாய்க்குட்டிகள் ஐந்து, ஐந்தும் பொட்டை. கடுவன் குட்டி என்றால் யாராவது வளர்க்க எடுப்பார்கள். பொட்டைக்குட்டி வளர்ந்தால் வருடத்துக்கு இரண்டு தரம் குட்டி போடும், யார் பார்ப்பது என்று கொண்டுவந்து எறிவார்கள். சந்தையடி, கடற்கரை, ஆலயப் படலை. அன்று காலை நாம் 'இம்மானுவேலே வாரும்' என்று பாடிக்கொண்டிருந்தோம். இரண்டு குட்டி பாட்டு முடியுமுன்னே செத்துப்போயின. மூன்றை வீட்டுக்குக் கொண்டுபோனோம். அவற்றில் ஒன்று இதை எழுதும்போது என் காலடியில் படுத்துக் குறட்டை விடுகிறது. கிழவியாகிவிட்டாள்.

பிள்ளை பெறாத என்னைப் பார்த்துக் கலங்குகிற அதே ஊர், பெற்றுவிடுமே என்ற பயத்தில் பொட்டைக்குட்டியைச் சாக்கில் கட்டுகிறது. சொல்லிக்காட்டுவதாக நினைக்கவேண்டாம். எனக்கே பல நாள் இதை யோசிக்க யோசிக்கச் சிரிப்பும் கோபமும் மாறி மாறி வந்தது.

வேதத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்பீர்கள். 'பலுகிப் பெருகி, பூமியை நிரப்பி'. என்னோடு கதைக்க வந்த எல்லாரும் கொண்டுவந்த வசனம் இது, ஆதியாகமம் முதலாம் அதிகாரம் 28. நான் ஆறு வசனம் முன்னுக்குப் போகச் சொல்கிறேன். 22ஆம் வசனம். ஐந்தாம் நாள், மனிதன் இன்னும் படைக்கப்படவே இல்லை. 'தேவன் அவைகளை ஆசீர்வதித்து, நீங்கள் பலுகிப் பெருகி, சமுத்திர ஜலத்தை நிரப்புங்கள்' என்கிறார். யாரிடம்? மீனிடம். கல்லடிப் பாலத்துக்குக் கீழே வள்ளத்தை நிறுத்தி, துடுப்பை நீருக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைத்து மீன் பாடுகிறதா என்று கேட்கிற ஊர்க்காரர் நாம். அந்த மீனுக்குத்தான் முதல் ஆசீர்வாதம் கிடைத்தது, அதே சொல்லில். இரண்டு இடத்திலும் ஆசீர்வாதம் என்றுதான் எழுதியிருக்கிறது. குஞ்சு பொரிக்காத மீனைப் பார்த்து நீ கட்டளையை மீறிவிட்டாய் என்று எவரும் சொல்வதில்லை.

சரி, 'ஆண்டுகொள்ளுங்கள்' என்றும் சொன்னாரே? சொன்னார். அடுத்த இரண்டு வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். மனிதனுக்கு விதையும் கனியும், மிருகங்களுக்குப் பசும் பூண்டு. ஆளச் சொன்ன கையோடு போட்ட பந்தியில் இறைச்சி இல்லை. இதை வைத்து உங்கள் கிறிஸ்மஸ் கோழிக்கறியைப் பறிக்க வரவில்லை, பயப்படவேண்டாம். ஆட்சி எப்படி இருக்கவேண்டும் என்று தேவன் தொடக்கத்தில் நினைத்தார் என்பதை மட்டும் பார்க்கச் சொல்கிறேன்.

பிள்ளைகள் கர்த்தரால் வரும் சுதந்தரம் என்ற 127ஆம் சங்கீதத்தை நானும் மனமாரப் பாடுகிறேன். தம்பியைத் தூக்கி வளர்த்தவளுக்கு அது பொய்யில்லை. ஆனால் அதே வேதத்தில் ஏசாயா 56ஆம் அதிகாரம் இருக்கிறது. பிள்ளை பெறமுடியாத அண்ணகன் தன்னைப் பார்த்து, 'இதோ, நான் பட்டமரமென்று சொல்லானாக' என்று கர்த்தர் சொல்கிறார். குமாரருக்கும் குமாரத்திகளுக்கும் உரிய இடத்தைப் பார்க்கிலும் உத்தம இடத்தைத் தம் ஆலயத்துக்குள் தருவதாகவும் சொல்கிறார். பட்டமரம் என்ற சொல் நம் ஊரில் இன்றும் உயிரோடு இருக்கிறது. மலடி, பட்டமரம், பூக்காத வாழை. ஏசாயாவில் இந்தப் பகுதியைப் பிரசங்கத்துக்கு எடுத்து ஒருநாளாவது நான் கேட்டதில்லை.

இன்னொன்று, லூக்கா 11. கூட்டத்திலிருந்து ஒரு பெண் இயேசுவைப் பார்த்து, உம்மைச் சுமந்த கர்ப்பம் பாக்கியமானது என்று சத்தம் போட்டுச் சொன்னாள். நம் மாமிமாரில் ஒருவராகத்தான் இருப்பாள், எனக்கு அவளைப் பிடிக்கும். அவர் மறுக்கவில்லை, ஆனால் தேவனுடைய வார்த்தையைக் கேட்டுக் காத்துக்கொள்ளுகிறவர்களே அதிகப் பாக்கியவான்கள் என்றார். தன் சொந்தத் தாயை வைத்தே சொன்னார்.

போன வருடம் ஒரு பிரசங்கத்தில், நாயும் பூனையும் வளர்த்துக்கொண்டு பிள்ளை வேண்டாம் என்பது சுயநலம் என்று பாப்பரசரே சொல்லியிருக்கிறார் என்றார்கள். பாப்பரசர் பிரான்சிஸ் 2022 ஜனவரி 5ஆம் திகதி அப்படிச் சொன்னது உண்மைதான். நாம் மெதடிஸ்தர்கள் பாப்பரசரை மேற்கோள் காட்டுவது எப்போதாவதுதான், அதையும் எனக்காகச் செய்தது எனக்கொரு பெருமை. அதே பாப்பரசர் 2015இல் எழுதிய சுற்றுமடலில், எந்த உயிரை வதைப்பதும் மனித மாண்புக்கு விரோதம் என்று சொன்னதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். பெயரையே அசிசி நகர் பிரான்சிஸிடமிருந்து எடுத்தவர் அவர்.

ஆனால் ஏன் அவ்வளவு தூரம் போகவேண்டும்? நம் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார், மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி. 1751இல் ஒரு விதவையைக் கலியாணம் கட்டினார், தனக்கென்று பிள்ளை இல்லை. அவரை யாராவது பட்டமரம் என்றோமா? உலகம் முழுக்க மெதடிஸ்தர் என்று ஒரு சந்ததியே அவர் பெயரைச் சொல்கிறது. 1781இல் அவர் எழுதிய 'பொது விடுதலை' என்ற பிரசங்கம், சர்வ சிருஷ்டியும் பிரசவவேதனைப்படுகிறது என்ற ரோமர் 8ஆம் அதிகாரத்தை வைத்து எழுதியது. அந்த விடுதலை மிருகங்களுக்கும் உண்டு, அவை இங்கே பட்ட துன்பம் மறக்கப்படாது என்பதுதான் அதன் சாரம். இதை நம்புகிறவன் தன் கைக்குக் கீழே இருக்கிற மிருகத்திடம் இரக்கமாக இருக்கப் பழகுவான் என்பது அவர் எதிர்பார்ப்பு. வெறும் பிரசங்கத்தோடு அவர் நிற்கவுமில்லை. தன் பிரசங்கிமாருக்கு எழுதிய ஒழுங்குகளில், குதிரையை விரட்டி ஓட்டக்கூடாது, அதைத் தேய்த்துத் தீனி போட்டுப் படுக்கவைப்பதை ஒவ்வொருவரும் தன் கண்ணாலேயே பார்க்கவேண்டும் என்று போட்டிருக்கிறார். வேலைக்காரனிடம் சொல்லிவிட்டால் போதாது. தன் கண்ணாலேயே.

நம் மட்டக்களப்புக்கு 1814இல் வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ற் ஐயாவையும் நினைத்துப் பாருங்கள். மனைவியைக் கப்பல் பயணத்திலேயே பறிகொடுத்துவிட்டு வந்து இறங்கினார். ஒரு வருடம் முடியுமுன்னே, 1815 ஏப்ரலில், இங்கேயே இறந்தார். அவர் தொடங்கிய பள்ளிக்கூடம் மத்திய கல்லூரியாக இன்றும் நிற்கிறது. நினைவு விழாக்களில் அவரைப் பற்றி எத்தனை பேச்சுக் கேட்டிருக்கிறேன். அவருக்குப் பிள்ளை இருந்ததா என்று ஒருவரும் கேட்டதில்லை.

இனி ஊர்ப் பேச்சுக்கு வருகிறேன். வேதத்தைவிட அதுதான் கனம்.

"இந்த வளவு ஆருக்கு மகள்?" மற்ற ஊர்களில் எப்படியோ, நம் பக்கத்தில் வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போவது. அம்மம்மா அம்மாவுக்குக் கொடுத்தார், அம்மா எனக்குச் சீதனமாய் எழுதினார். குடி என்ற குலமும், வயித்துவார் என்ற தாய்வழிக் கிளையும் பெண் வழியாக வருகிற ஊரில், ஒரு பெண் பெறாமல் விட்டால் ஒரு நூலே அறுந்ததாக நினைக்கிறார்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்கு இரவில் நித்திரை வராமல் இருந்திருக்கிறது. அம்மம்மா கிணற்றடியில் நட்ட தேசிமரத்தைப் பார்க்கும்போது நெஞ்சு அடைக்கும். தங்கைக்கு இரண்டு பெண்கள். வளவு அவர்களுக்கு என்று எழுதிவிட்டோம், நாய்கள் சாகும்வரை அங்கே இருக்கலாம் என்ற ஒரு நிபந்தனையோடு. நொத்தாரிசு சிரித்தார்.

"கடைசிக் காலத்தில ஆர் பாக்கிற?" நம் ஆலயத்தின் முன் வாங்கில் இருக்கிற மூன்று அம்மம்மாமாரை எண்ணிப் பாருங்கள். மூவருக்கும் சேர்த்துப் பதினொரு பிள்ளைகள். சுவிஸ், கனடா, லண்டன். அன்பான பிள்ளைகள்தான், மாதா மாதம் காசு வருகிறது. போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்கு அவர்களைக் கூட்டிப்போய் விடியப்புறம் வரிசையில் நிற்பது என் கணவர்.

"எங்கட சனம் குறைஞ்சுபோகுதே." கிழக்கில் இருந்துகொண்டு இந்தப் பயத்தை ஏளனம் செய்யமாட்டேன். காணியும் வாக்கும் தலைக்கணக்கில் நடக்கிற இடம் இது, தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று மூன்று சமூகமும் ஒன்றையொன்று எண்ணிக்கொண்டிருக்கிறது. ஆனால் கணக்குச் சரிசெய்ய ஒரு பிள்ளையை உலகத்துக்குக் கொண்டுவருவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் நியாயமா? யுத்தக் காலத்தில் பிள்ளைகளை எண்ணிக்கையாகப் பார்த்ததன் விலையை இந்த மாவட்டத்துத் தாய்மார் நன்றாக அறிவார்கள்.

தாய்மார் என்றதும் ஒன்று. அன்னையர் தினத்தன்று, "தாய்மார் எல்லாரும் எழும்புங்க" என்று சொல்லி ஆளுக்கொரு ரோசாப்பூக் கொடுக்கிறோம். எனக்கு அந்தப் பூ கிடைக்காதது ஒரு பொருட்டே இல்லை. என் வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருப்பவர் பிள்ளைக்காக ஏங்கி நாலு தரம் கொழும்புக்குப் போய்வந்தவர். அவர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து எதையோ தேடுவதுபோல் குனிந்திருப்பார். சுனாமியிலும், 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பிலும், அதற்கு முன் யுத்தத்திலும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் எழும்புவதா, இருப்பதா? பூவை வாசலில் வைத்துவிடுங்கள். வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும். பிள்ளை கேட்டு வருகிறவர்களுக்காக இன்னும் உருக்கமாக ஜெபியுங்கள், நானும் கூட நிற்பேன். கேளாதவர்களின் பெயரை மட்டும் கொப்பியில் எழுதாதீர்கள்.

அப்புறம், "உங்கட நாலுகால் பிள்ளைகள் சுகமா?" என்று பகிடிக்குக் கேட்பவர்களுக்கு: நான் அவற்றை ஒருநாளும் பிள்ளை என்று சொன்னதில்லை. நாய் நாய்தான். பிள்ளைக்குப் பதிலாக வைத்திருக்கிறேன் என்றால் அது நாய்க்கும் அவமானம், பிள்ளைக்கும் அவமானம். பசித்து வந்தது, சோறு வைத்தேன். அவ்வளவுதான் தொடக்கம்.

அறுப்புப் பண்டிகை ஏலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பூசணி, வாழைக்குலை, தயிர்ச்சட்டி எல்லாம் பலிபீடத்தடியில் அழகாக அடுக்கியிருக்கும். கோழிகளை மட்டும் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டி, வெயிலில் சீமெந்துத் தரையில் போட்டிருப்போம். பிரசங்கம் முடியும்வரை வாயைத் திறந்தபடி கிடக்கும். பிறகு ஏலம் கூறுகிற அண்ணன் ஒன்றைத் தலைகீழாகத் தூக்கிக் காட்டி விலை கேட்பார், எல்லாரும் சிரிப்போம். நானும் சின்ன வயதில் சிரித்தவள். போன பண்டிகையில் ஒரு சிவப்புப் பேட்டை 4,500 ரூபாய்க்கு எடுத்தேன். கையில் வாங்கும்போதே கழுத்துத் தொங்கிவிட்டது. ஐந்து குருவியில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை என்று அன்றுதான் வாசித்தோம். கோழியை ஒரு கூடையில் வைத்து, நிழலில் விட்டு, ஒரு சிரட்டைத் தண்ணீர் வைப்பதற்கு எந்தச் சபைத் தீர்மானமும் தேவையில்லை.

மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையில் மாடுகள் சுடப்பட்டும், தீனிக்குள் வைத்த வெடியால் வாய் கிழிந்தும் கிடந்தபோது நாம் கொதித்தோம். 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் அந்தத் தரைக்காகப் போராட்டத்தில் உட்கார்ந்தபோது நம் சபையிலிருந்தும் போய் நின்றோம், நல்லது. பண்ணையாளரின் வயிற்றுப்பாட்டுக்காக ஜெபித்தோம், காணிக்காக ஜெபித்தோம். தாடை சிதறி இரண்டு மூன்று நாள் தின்னமுடியாமல் நின்று செத்த மாட்டுக்காக ஒரு வரி இல்லை. நினிவே நகரத்துக்காகப் பரிதபிக்கிற தேவன், யோனா புத்தகத்தின் கடைசி வசனத்தில் 'அநேக மிருகஜீவன்களும்' என்று அவற்றையும் எண்ணிக்கொள்கிறார். 1907இல் வெள்ளைக்காரன் எழுதிய மிருகவதைத் தடைச் சட்டத்தில் தண்டம் நூறு ரூபாய். சட்டத்திடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை. சபையிடம் எதிர்பார்க்கிறேன்.

கடைசியாக என் விண்ணப்பம். போன வருடம் ஆலயக் குழுவுக்குக் கடிதம் கொடுத்தேன். ஒரு சனிக்கிழமை ஆலய மண்டபத்தில் கட்டாக்காலி நாய்களுக்குக் கருத்தடையும், விசர்நாய்க்கடித் தடுப்பூசியும் போட அனுமதி கேட்டேன். 2006இலிருந்து தெருநாயைப் பிடித்துக் கொல்லும் வழக்கத்தை அரசாங்கம் நிறுத்திவிட்டது. கொல்லாமல் குறைக்க இருக்கிற வழி இதுதான். ஒரு பொட்டை நாய்க்குச் செய்தால் எத்தனை உரப்பை மிச்சம் என்று கணக்குப் பார்க்கலாம். குழுவில் ஒருவர், கருத்தடை தேவசித்தத்துக்கு விரோதம், பரிசுத்த வளவில் கூடாது என்றாராம். உரப்பை வந்து விழுந்ததும் அதே பரிசுத்த வளவில்தான். 'நீதிமான் தன் மிருகஜீவனைக் காப்பாற்றுகிறான்' என்று நீதிமொழிகள் 12ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதன் அடுத்த பாதியை நீங்களே வாசியுங்கள், எழுத எனக்கு மனம் வரவில்லை.

மிருக வைத்தியர் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். மருந்துச் செலவுக்கு நாங்கள் இருவரும் சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு இருக்கிறது. இளைஞர் ஐக்கியத்தில் ஆறு பேர் நாய் பிடித்துத் தர ஓம் என்றிருக்கிறார்கள், அதில் இரண்டு பேர் பயந்தவர்கள், ஆனாலும் வருவார்கள். தேவைப்படுவது மூன்று நீட்டு மேசை, பழைய சாரம், படுக்கைச் சீலை எவ்வளவு கிடைத்தாலும், கிணற்றடிப் பக்கத்து லைட், பின்னேரம் ஐந்து மணிவரை மண்டபம். முடிந்தபின் நிலத்தை டெற்றோல் போட்டுக் கழுவித் தருவது என் பொறுப்பு, ஞாயிறு காலையில் மணம் இருக்காது.

மண்டபச் சாவியை யாரிடம் வாங்குவது என்று சொல்லுங்கள்.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரி,
கல்லடியிலிருந்து.